உயர் ரத்த அழுத்தத்தில் ஆஸ்பிரின் ரத்தக்குழாய்க்குள் என்ன செய்கிறது?

கேள்வி இது: “அப்பாவுக்கு 63 வயது. எட்டு வருடமாக பிரஷர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். சின்ன ஆஸ்பிரின் ஒன்றைத் தினமும் போட்டால் ரத்தக்குழாய் தளர்ந்து பிரஷரும் குறையும், அதிலும் இரவில் போட்டால் நன்றாகவே குறையும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? மூட்டுவலிக்கு அவ்வப்போது ஐபுப்ரோஃபென் போடுவார், அதனால் ஏதாவது சிக்கல் வருமா?”

மருந்தியல் பாடம் நடத்துகிற ஆள் என்பதால் இந்த ஆஸ்பிரின் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். ஐபுப்ரோஃபெனையும் சேர்த்துக் கேட்டவர்கள் குறைவு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நேரடியான பதில். ஆஸ்பிரின் பிரஷர் மாத்திரை அல்ல. உங்கள் அப்பாவின் அளவீட்டை அது குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் “ரத்தக்குழாயைத் தளர்த்தும்” என்று அந்த நண்பர் சொன்னது வெறும் கட்டுக்கதையும் அல்ல. ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒன்று நிஜமாகவே நடக்கிறது. அங்கே நடப்பது கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் கருவியில் ஏன் தெரிவதில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

ஒரு பழைய சோதனையிலிருந்து தொடங்குகிறேன். முயலின் மகாதமனியைச் சின்னச் சின்ன வளையங்களாக நறுக்குவார்கள். ஒரு வளையத்தை இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளுக்கு நடுவே மாட்டி, உடல் சூட்டில் இருக்கும் உப்புக் கரைசலில் தொங்கவிடுவார்கள். அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் வந்துகொண்டே இருக்கும். மேல் கொக்கி ஓர் அளவுமானியோடு இணைந்திருக்கும். வளையம் இறுகினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். இறுக்கும் மருந்து ஒன்றை முதலில் விட்டால் கோடு ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும். அப்புறம் அசிட்டைல்கோலின் என்ற தளர்த்தும் மருந்து ஒரு துளி. நல்ல வளையம் என்றால் கோடு சரசரவென்று இறங்கும். வளையத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் லேசாகத் தேய்த்துவிட்டால் அதே மருந்து, அதே அளவு, ஆனால் கோடு இறங்காது. மாட்டும்போது கொக்கி உள்பக்கம் உரசிவிட்டாலே போதும், அன்றைய சோதனை வீண். மாணவர்கள் இதை ஒரு தடவை அனுபவித்தால்தான் நம்புவார்கள்.

நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் இதைத்தான் கண்டுபிடித்து, ஸவாட்ஸ்கியோடு சேர்ந்து 1980இல் வெளியிட்டார். தளர்வதற்கான உத்தரவு தசையிலிருந்து வருவதில்லை. குழாயின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் படிந்திருக்கும் படலத்திலிருந்து வருகிறது. எண்டோதீலியம் என்று அதற்குப் பெயர். அது அனுப்பும் தூது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது சில வருடங்கள் கழித்துத் தெரிந்தது. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இந்தக் கதைக்காகத்தான்.

ஆஸ்பிரின் நுழைவது இதற்கு அடுத்த கட்டத்தில். 1963இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் தானாகவே ரத்த அழுத்தம் ஏறும் ஓர் எலி வகையை வளர்த்தெடுத்திருந்தார்கள். அந்த எலியின் மகாதமனி வளையத்தை இதே தொட்டியில் மாட்டி அசிட்டைல்கோலின் விட்டால், குறைந்த அளவில் கோடு ஒழுங்காக இறங்குகிறது. அளவைக் கூட்டினால் இறங்கிய கோடு மறுபடி ஏறுகிறது! தளரச் சொன்ன மருந்துக்கே குழாய் இறுகுகிறது. உள்படலத்தைத் தேய்த்து நீக்கினால் இந்த இறுக்கம் வருவதில்லை. அப்படியென்றால் இறுகச் சொல்வதும் அதே படலம்தான். லூஷரும் வான்ஹௌட்டேயும் 1986இல் இதைக் காட்டினார்கள். தொட்டியில் முன்கூட்டியே இண்டோமெதாசின் விட்டு வைத்தால் அந்த இரண்டாவது ஏற்றம் காணாமல் போகிறது. இண்டோமெதாசின் ஆஸ்பிரினின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. இரண்டும் மறிப்பது ஒரே நொதியைத்தான்.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? முன்கைத் தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, அதன் வழியே மிகச் சிறிதளவு அசிட்டைல்கோலினை விட்டு, கைக்குப் பாயும் ரத்தம் எவ்வளவு கூடுகிறது என்று அளக்க முடியும். 1990இல் பான்ஸாவும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் இப்படிச் செய்து, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் குழாய்கள் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே விரிகின்றன என்று காட்டினார்கள். தசையை நேரடியாகத் தளர்த்தும் நைட்ரோப்ருசைடைக் கொடுத்தால் இரு தரப்பாருக்கும் ஒரே மாதிரி விரிந்தது. அதாவது தசை கெட்டுப்போகவில்லை. உத்தரவு கொடுக்கும் படலத்தில்தான் கோளாறு.

இத்தாலியின் பீசாவில் தத்தேயியும் அவரது சகாக்களும் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். பிரஷர் உள்ளவர்களின் முன்கைத் தமனியில் இண்டோமெதாசினைச் செலுத்திவிட்டு அசிட்டைல்கோலின் கொடுத்தால் குழாய் முன்பைவிட நன்றாக விரிந்தது. பிரஷர் இல்லாத இளவயதினரிடம் அந்த மாற்றம் இல்லை. வைட்டமின் சி செலுத்தினாலும் கிட்டத்தட்ட அதே முன்னேற்றம். இந்த இரண்டாவது தகவல் முக்கியம். வைட்டமின் சி தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் பொருள். இண்டோமெதாசின் நொதியை மறிக்கும் பொருள். இரண்டும் ஒரே இடத்தில் கொண்டுவிடுகின்றன என்றால், அந்த நொதி வேலை செய்யும்போதே தீவிர மூலக்கூறுகளைக் கக்குகிறது, அவை நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடுகின்றன என்பதுதான் பொருத்தமான விளக்கம். வயது கூடினால் பிரஷர் இல்லாதவர்களிடமும் இதே குறை தலைகாட்டுகிறது. பிரஷர் உள்ளவர்களிடம் அது முந்திக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

உங்கள் நண்பர் சொன்னதில் இருக்கும் உண்மை இதுதான்: உயர் அழுத்தத்தில் ரத்தக்குழாயின் உள்படலம் இறுக்கும் பொருள்களை வெளிவிடுகிறது. ஆஸ்பிரின் வகையறா மறிக்கும் நொதி வழியாகத்தான் அவை உருவாகின்றன. நொதியை மறித்தால் குழாய் தளர்கிறது.

அந்த நொதிக்கு சைக்ளோஆக்சிஜனேஸ் என்று பெயர், சுருக்கமாக காக்ஸ். காக்ஸ்-1, காக்ஸ்-2 என இரண்டு வடிவங்கள் நமக்கு முக்கியம். செல் சவ்விலிருந்து வரும் அரக்கிடோனிக் அமிலத்தை எடுத்து ஒரு இடைப்பொருளாக மாற்றுவது இதன் வேலை. அந்த இடைப்பொருள் எந்தச் செல்லில் இருக்கிறதோ அதற்கேற்ப வேறு வேறு சரக்காகும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவுக்குள் அது த்ராம்பாக்சேன் ஆகிறது: குழாயை இறுக்கும், தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். குழாயின் உள்படலத்தில் பிராஸ்டசைக்ளின் ஆகிறது: குழாயை விரிக்கும், தட்டணுக்களை விலக்கிவைக்கும். ஆஸ்பிரின் இந்த நொதியைத்தான் அடிக்கிறது என்று ஜான் வேன் லண்டனில் கண்டது 1971இல். சாமுவேல்சன் குழு த்ராம்பாக்சேனைக் கண்டது 1975இல். வேன், மொன்காடா குழு பிராஸ்டசைக்ளினைக் கண்டது 1976இல். மாத்திரை விற்பனைக்கு வந்ததோ 1899இல்! முக்கால் நூற்றாண்டாக உலகமே விழுங்கிய பிறகுதான் அது என்ன செய்கிறது என்று தெரிந்தது.

பாடப்புத்தகம் இதை ஒரு தராசாக வரைந்து காட்டும்: ஒரு தட்டில் கெட்ட த்ராம்பாக்சேன், மறு தட்டில் நல்ல பிராஸ்டசைக்ளின். நானும் பல வருடம் அப்படித்தான் பலகையில் வரைந்தேன். இப்போது வரைவதில்லை. வயதான, அழுத்தம் ஏறிய எலியின் மகாதமனியில் பிராஸ்டசைக்ளினைக் கேட்கும் ஏற்பி மந்தமாகிவிடுகிறது. வெளிவரும் பிராஸ்டசைக்ளின் பக்கத்தில் இருக்கும் த்ராம்பாக்சேன் ஏற்பியில் போய் உட்கார்ந்து குழாயை இறுக்குகிறது. விரிக்க வந்ததே இறுக்குகிறது. அந்த எலிகளில் இரண்டாவது ஏற்றத்தின் பெரும்பங்கு இதனால்தான் என்று வான்ஹௌட்டேயின் குழு பின்னாளில் காட்டியது. நல்லவன், கெட்டவன் என்று மூலக்கூறுகளைப் பிரித்துவைத்தால் இந்த மாதிரி இடத்தில் தடுமாற வேண்டியிருக்கும்.

இனிதான் முக்கியமான விஷயம். தொட்டியில் விடுகிற மருந்தும் வாயில் போடுகிற மாத்திரையும் ஒன்றல்ல.

75 அல்லது 100 மில்லிகிராம் ஆஸ்பிரினை விழுங்கினால் அது வயிற்றிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு, குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் சிரையில் முதலில் கலக்கிறது. அந்த வழியில் வந்துபோகும் தட்டணுக்கள் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. ஆஸ்பிரின் தன்னிடம் இருக்கும் அசிட்டைல் துண்டைக் கழற்றி காக்ஸ்-1இன் உள்வழியில் செரீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிவிடுகிறது. ஒட்டினது ஒட்டினதுதான், திரும்பக் கழறாது. அரக்கிடோனிக் அமிலம் உள்ளே போக வழி அடைபடுகிறது. பிறகு ஈரலைக் கடக்கும்போதே ஆஸ்பிரினில் பாதி சிதைந்து வெறும் சாலிசிலேட் ஆகிவிடும். மிஞ்சியதும் ரத்தத்தில் 15 முதல் 20 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். கைக்கும் மூளைக்கும் போகிற தமனிகளின் உள்படலம் காண்பது கொஞ்சம் மருந்தை, கொஞ்ச நேரம் மட்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி தயாரிக்க அதனால் முடியாது. ஒருமுறை அடிபட்டால் அதன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாட்கள், அப்படியே சுற்றும். தினமும் பத்தில் ஒரு பங்கு புதிய தட்டணுக்கள் வருகின்றன. அடுத்த நாள் மாத்திரை அவற்றையும் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அவ்வளவு சின்ன மாத்திரை தினம் ஒன்று போட்டாலே தட்டணு த்ராம்பாக்சேன் 95 விழுக்காட்டுக்கு மேல் அடங்கிவிடுகிறது. உள்படலச் செல்லுக்கு உட்கரு உண்டு. சில மணி நேரத்தில் புது நொதியைத் தயாரித்துவிடும். மேலும் நம் உடலில் பிராஸ்டசைக்ளினின் பெரும்பகுதியை உண்டாக்குவது காக்ஸ்-2. குறைந்த அளவு ஆஸ்பிரின் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

ஆகவே தினசரிச் சின்ன ஆஸ்பிரின் என்பது பெரும்பாலும் தட்டணு மருந்து. பீசாவில் தமனிக்குள் நேரடியாகச் செலுத்திய இண்டோமெதாசின் காட்டிய விளைவை அதன்மேல் ஏற்றிப் பேசுவது சரியல்ல. தட்டணு வழியாக ரத்தக்குழாய்க்குக் கிடைக்கும் நன்மை வேறு. உள்படலம் சேதமான, கொழுப்புத் திட்டு படிந்த இடத்தில் தட்டணுக்கள் உட்கார்ந்து த்ராம்பாக்சேனைக் கொட்டும். குழாய் அங்கே சுருங்கும், ரத்தக்கட்டியும் அங்கேதான் உருவாகும். இதை ஆஸ்பிரின் குறைக்கிறது. தமனித் தடிப்பு உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினைச் சிரை வழியாகக் கொடுத்தபோது அசிட்டைல்கோலினுக்கு அவர்கள் குழாய்கள் கூடுதலாக விரிந்தன என்று ஹுசைன் குழு 1998இல் வெளியிட்டது. அவர்கள் தமனித் தடிப்பு உள்ளவர்கள் என்பதையும், மருந்து சிரை வழியாகப் போனது என்பதையும் கவனியுங்கள்.

இதுபோக ஆஸ்பிரினுக்கு வேறு சில வேலைகளும் உண்டு. அசிட்டைல் ஒட்டிய காக்ஸ்-2 முழுக்கச் செத்துப்போவதில்லை. அழற்சியை அடக்கும் லிபாக்சின் வகைப் பொருள் ஒன்றுக்கு மூலப்பொருளைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. எலிகளில் அதிக அளவு ஆஸ்பிரின் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் குறைத்திருக்கிறது. சுவையான சங்கதிகள்தான். ஆனால் மாத்திரைச் சீட்டு எழுதும் அளவுக்கு அவற்றில் பலம் இல்லை.

சரி, உள்படலம் கொஞ்சமாவது தேறினால் அழுத்தம் கொஞ்சமாவது குறைய வேண்டாமா? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். உள்படலத்தின் நலத்தை அளக்க இன்று அதிகம் பயன்படுவது இந்த முறை: முன்கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். அவிழ்த்தவுடன் ரத்தம் பாய்ந்தோடும். அந்த உரசலில் மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். பரிசோதனைக்கு ஆளாகும் நபருக்கு விரல்கள் வெளிறி, மரத்து, பட்டை அவிழ்ந்ததும் சூடு பரவி ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அளக்கப்படும் தமனியின் குறுக்களவு சுமார் 4 மில்லிமீட்டர். அது விரிவது அதில் சில விழுக்காடுதான். ஆனால் ரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது இந்தப் பெரிய தமனி அல்ல. அதிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் தலைமுடி கனத்துக்கும் கீழே போய்விடும் நுண்தமனிகள்தான். குழாயின் ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும் என்பது இயற்பியல். வருடக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கிய நுண்தமனிகளின் சுவர் தடித்து, உள்வழி நிரந்தரமாகக் குறுகியிருக்கும். அதை எந்த ஆஸ்பிரினும் இளக்காது. அப்புறம் உப்பைப் பிடித்துவைக்கும் சிறுநீரகம், குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன், பரிவு நரம்புகள் என்று அழுத்தத்தை ஏற்றுகிற கைகள் பல. காக்ஸ் நொதி அவற்றில் ஒரு சின்னக் கை.

மனிதர்களில் பார்த்தாயிற்றா என்றால், பெரிய அளவில் பார்த்தாயிற்று. ஹாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு 1998இல் வெளிவந்தது. 26 நாடுகளில் 18,790 பேர், எல்லோருக்கும் உயர் ரத்த அழுத்தம், வயது 50 முதல் 80 வரை. எல்லோருக்கும் அழுத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, பாதிப் பேருக்குத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. மாரடைப்பு 36 விழுக்காடு குறைந்தது. இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 15 விழுக்காடு குறைவு. பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. உயிர் பறிக்காத பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரின் குழுவில் 129 பேருக்கு, போலி மாத்திரைக் குழுவில் 70 பேருக்கு. ரத்த அழுத்தம்? இரு குழுவிலும் ஒன்றுதான். ஆஸ்பிரின் அதை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. மாரடைப்பைக் குறைத்த அதே மாத்திரை அழுத்தத்தை அசைக்கவில்லை என்பதிலிருந்தே அது எந்த வழியில் வேலை செய்தது என்று ஊகிக்கலாம்.

இரவில் போட்டால் குறையும் என்ற கதைக்கும் ஒரு மூலம் உண்டு. ஸ்பெயினின் விகோ பல்கலைக்கழகத்தில் எர்மிடாவின் குழு, லேசான, மருந்து தொடங்காத உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரினை வேறு வேறு நேரங்களில் கொடுத்து 24 மணி நேரமும் அளந்தது. படுக்கப் போகும்போது போட்டவர்களுக்கு மேல் அளவு சுமார் 6 மி.மீ., கீழ் அளவு சுமார் 4 மி.மீ. குறைந்தது, காலையில் போட்டவர்களுக்குக் குறையவில்லை என்றார்கள். அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்ற பொருளின் உற்பத்தியை இரவில் அது அடக்குகிறது என்பது போன்ற விளக்கங்களும் வந்தன. பிறகு நெதர்லாந்தில் போன்டனும் சகாக்களும், ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிட்டுவரும் 290 பேரிடம் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். இரவுக்கும் காலைக்கும் ரத்த அழுத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரவில் போட்டவர்களுக்குக் காலையில் தட்டணுக்களின் ஒட்டும் துடிப்பு குறைவாக இருந்தது. மாரடைப்புகள் காலை நேரத்தில் அதிகம் என்பதால் அது பயனுள்ள குறிப்புதான். ஆனால் நிகழ்வுகளைக் குறைத்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை. ஏற்கெனவே ஆஸ்பிரின் எழுதிக்கொடுக்கப்பட்டவர் மறக்காத நேரம் எதுவோ அந்த நேரத்தில் போடட்டும் என்பதே என் கட்சி.

இனி ஆபத்துப் பக்கம். மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட முதல் காரணமே கட்டுப்படாத ரத்த அழுத்தம். நுண்தமனிச் சுவர் அங்கே பலவீனமாகி எப்போது வேண்டுமானாலும் கசியும் நிலையில் இருக்கும். கசிந்தால் அடைக்க வேண்டியது தட்டணுக்கள். அந்தத் தட்டணுக்களைத்தான் ஆஸ்பிரின் முடக்கிவைக்கிறது. அதனால் ஆஸ்பிரினால் பிரஷர் குறையும் என்ற நம்பிக்கையில், பிரஷர் கட்டுக்குள் வராதபோதே ஒருவர் அதை ஆரம்பித்தால் நடப்பது நேர்மாறாக இருக்கலாம். ஹாட் ஆய்வில் பக்கவாதம் கூடாமல் போனதற்கு எல்லோருடைய அழுத்தமும் அடக்கப்பட்டிருந்தது ஒரு காரணமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். 2004இல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல், ஆஸ்பிரின் தொடங்குமுன் அழுத்தம் 150/90க்குக் கீழே இருக்க வேண்டும் என்று நிபந்தனையே போட்டது.

அன்றைக்கு இருந்த உற்சாகமும் இப்போது இல்லை. 2018இல் மூன்று பெரிய ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஆஸ்ப்ரீ ஆய்வில் 19,114 முதியவர்கள், பெரும்பாலும் 70 தாண்டியவர்கள்: உடல் ஊனமின்றி வாழும் காலம் கூடவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. அசெண்ட் ஆய்வில் 15,480 நீரிழிவு நோயாளிகள்: ரத்தக்குழாய் நிகழ்வுகள் 12 விழுக்காடு குறைந்தன, பெரிய ரத்தக்கசிவு 29 விழுக்காடு கூடியது. அரைவ் ஆய்வில் மிதமான ஆபத்து உள்ளவர்களுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. 1998க்கும் 2018க்கும் நடுவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகள் பரவலாகின, புகைப்பது குறைந்தது, பிரஷர் மருந்துகள் மேம்பட்டன. ஆஸ்பிரின் தடுக்க வேண்டிய மாரடைப்பே குறைந்துவிட்டது. கசிவு அப்படியே இருக்கிறது. 2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, இதய நோய் இல்லாத 60 வயது தாண்டியவர்கள் முன்தடுப்புக்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் அப்பாவுக்கு 63.

இதில் ஒன்றை நீங்கள் குறிப்பிடவில்லை. அவருக்கு ஏற்கெனவே மாரடைப்போ, ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதமோ வந்திருந்தால், ஸ்டென்ட் வைத்திருந்தால், மேலே சொன்ன கணக்கு அவருக்குப் பொருந்தாது. அந்த நிலையில் ஆஸ்பிரின் காப்பாற்றும் மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் அதை நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அழுத்தம் சம்பந்தப்பட்ட ஓர் இடத்தில் மட்டும் ஆஸ்பிரினுக்கு மரியாதையான இடம் உண்டு: கர்ப்பகால முன்வலிப்பு நோய் (ப்ரீஎக்லாம்ப்சியா). நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தரும் தமனிகள் சரியாக அகலாமல் போய், த்ராம்பாக்சேன் ஓங்கி, தாயின் உள்படலம் முழுக்கப் பாதிக்கப்படும் நோய் அது. 1994இல் 60 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த கிளாஸ்ப் என்ற பெரிய ஆய்வு ஏமாற்றம் தந்தது. 2017இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வு (மேலே சொன்ன ஆஸ்ப்ரீ வேறு, இப்படிப் பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்) ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தது. குறைப்பிரசவத்தில் முடியும் முன்வலிப்பு 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. அளவும், தொடங்கும் நேரமும்தான் விஷயம். நஞ்சுக்கொடி வேரூன்றும் காலத்திலேயே போய்ச் சேர்ந்தால்தான் அந்தத் தமனிகளுக்கு உதவும். இது மகப்பேறு மருத்துவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டிய சமாச்சாரம்.

இனி ஐபுப்ரோஃபென். ஆஸ்பிரினைப் போல இதுவும் காக்ஸைத்தான் மறிக்கிறது, ஆனால் ஒட்டிக்கொள்வதில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விலகிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பிரின் வந்தால் உள்ளே போக வழி இருக்காது. ஆஸ்பிரினோ அரை மணியில் தீர்ந்துபோகிற சரக்கு. ஐபுப்ரோஃபென் விலகும்போது ஆஸ்பிரினும் மிஞ்சியிருக்காது, தட்டணுவும் அடிபடாமல் தப்பித்துவிடும். 2001இலேயே இது மனிதர்களிடம் காட்டப்பட்டது. இரண்டும் தேவைப்படுகிறவர்கள் சாதாரண ஆஸ்பிரினைப் போட்டு அரை மணி கழித்து ஐபுப்ரோஃபென் போட வேண்டும், அல்லது ஐபுப்ரோஃபென் போட்டு எட்டு மணி நேரம் கழித்து ஆஸ்பிரின். குடலில் கரையும் உறை போட்ட ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு நம்பகமானதல்ல.

உங்கள் அப்பா ஆஸ்பிரினே போடாவிட்டாலும் ஐபுப்ரோஃபென் பிரச்சினைதான். சிறுநீரகம் ரத்தத்தைத் தாராளமாக வாங்கி உப்பை வெளியேற்ற, காக்ஸ் வழியாக உருவாகும் பிராஸ்டகிளாண்டின்கள் வேண்டும். ஐபுப்ரோஃபென் வலிக்கான அளவில் அவற்றைப் பல மணி நேரம் அடக்குகிறது. உப்பும் நீரும் தங்கும், அழுத்தம் ஏறும். சராசரியாகச் சில மி.மீ. தான், ஆனால் சிலருக்கு இதைவிட அதிகம். அதோடு பிரஷர் மாத்திரைகளில் பலவற்றின் வேலையையும், குறிப்பாக ஏஸ் தடுப்பான்கள், ஆஞ்சியோடென்சின் தடுப்பான்கள், சிறுநீர் பெருக்கிகள் ஆகியவற்றின் வேலையை, அது மழுங்கடிக்கும். இவற்றோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. சின்ன ஆஸ்பிரின் இதைச் செய்வதில்லை. அளவும் குறைவு, நேரமும் குறைவு. பாராசிட்டமாலுக்கு மாறினால் போதுமா என்றால், எப்போதாவது ஒன்றிரண்டு போடுவதில் கவலை இல்லை. ஆனால் பிரஷர் உள்ளவர்களுக்குத் தினம் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. மேல் அளவு ஏறக்குறைய 5 மி.மீ. ஏறியது.

ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூட்டுவலிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மில்லிகிராம் போடுகிறார் என்று எழுதி எடுத்துப் போங்கள். போட்ட நாளிலும் போடாத நாளிலும் வீட்டில் பார்த்த அழுத்த அளவு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஆஸ்பிரினைச் சேர்க்கலாமா என்று கேட்பதற்கு முன்னால் அந்தச் சீட்டை அவர் முன் வையுங்கள்.